முறுக்கு எல்லை தாண்டும்போது: ஆசியான் வரிச்சலுகையைக் கேட்டு வாங்குவது எப்படி

ஆசியான், அதாவது தென்கிழக்காசிய நாடுகளின் சங்கம், என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது, தலைவர்கள் குறுக்குக் கையாகக் கோத்துக்கொண்டு நிற்கும் அந்தப் படம்தான். ஆண்டுக்கு இரண்டு உச்சநிலை மாநாடு, ஒரு நீளமான கூட்டறிக்கை, முடிந்தது. செய்தி பார்ப்பவருக்கு அவ்வளவுதான். ஆனால் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் சின்னதாக ஒரு தொழிற்கூடம் வைத்து முறுக்கு, மிக்சர், மசாலாப் பொடி போட்டு விற்பவருக்கும், தேக்காவில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவருக்கும் ஆசியான் என்பது காசு சமாச்சாரம். அந்தக் காசு தானாக வந்து கையில் விழாது என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால். சலுகை இருக்கிறது, ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கிறது. ஆனால் நீங்கள் காகிதம் நீட்டிக் கேட்காதவரை எதிர்ப்பக்கச் சுங்க அதிகாரி முழு வரியைத்தான் போடுவார், அதில் அவர் மேல் தப்பும் இல்லை.

இந்தக் கட்டுரை அப்படிக் கேட்கத் தெரிய வேண்டிய சிறு வணிகர்களுக்கு. பெரிய கம்பெனிகளிடம் இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு தெளிவு. ஐரோப்பிய ஒன்றியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஆசியானைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஐரோப்பாவில் ஒரு பொருள் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் அப்புறம் உள் எல்லைகளில் சுங்கம் கிடையாது, ஏனென்றால் வெளியிலிருந்து வரும் பொருளுக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே வரிதான் போடுகின்றன. ஆசியானில் அந்தப் பொது வரி இல்லை. சிங்கப்பூர் கிட்டத்தட்ட எதற்கும் இறக்குமதி வரி போடுவதில்லை. மதுபானம், புகையிலை, பெட்ரோலியம், வாகனம் தவிர. மலேசியா, தாய்லாந்து, இந்தோனீசியா எல்லாம் பல பொருளுக்குப் போடுகின்றன. அப்படியானால் என்ன நடக்கும்? இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வரியில்லாமல் சிங்கப்பூருக்குள் கொண்டுவந்து, அப்படியே லாரியில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூருக்கு அனுப்பி, "இது ஆசியான் பொருள்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அதைத் தடுக்கத்தான் "இது எங்கே உருவானது" என்ற கேள்வி வருகிறது. கீழே வரும் தலைவலி அத்தனைக்கும் மூல காரணம் இந்த ஒரு கேள்விதான்.

கொஞ்சம் வரலாறு, சுருக்கமாக. 1967 ஆகஸ்ட் 8 அன்று பேங்காக்கில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டு ஆரம்பித்தார்கள். சிங்கப்பூருக்காகக் கையெழுத்துப் போட்டவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம், நம் முதல் வெளியுறவு அமைச்சர். நாட்டு நலனோடு வட்டார நலனையும் சேர்த்து யோசிக்கப் பழகவேண்டும், அந்தப் பழக்கம் வலிக்கும் என்று அன்றைக்கே அவர் சொன்னார். வலி இன்னும் போகவில்லை. ஆரம்பத்தில் இருந்த கவலை அரசியலும் பாதுகாப்பும்தான். தடையற்ற வணிகம் என்ற பேச்சு 1992-இல் சிங்கப்பூரில் நடந்த மாநாட்டில்தான் ஒப்பந்தமாக மாறியது. இப்போது நடப்பில் இருக்கும் சரக்கு வணிக ஒப்பந்தம், சுருக்கமாக அட்டிகா, 2010 மே மாதம் அமலுக்கு வந்தது. அந்த ஐந்தோடு பிறகு சேர்ந்த புரூணையும் சேர்த்துப் பழைய ஆறு உறுப்பு நாடுகள் தங்களுக்குள் ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் வரியை 2010-லேயே எடுத்துவிட்டன. கம்போடியா, லாவோஸ், மியன்மார், வியட்னாம் நான்கும் 2015-லும் மிச்சத்தை 2018-லும் எடுத்தன. 2025 அக்டோபரில் தீமோர்-லெஸ்தே பதினோராவது உறுப்பினராகச் சேர்ந்தது. அங்கே சரக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள், புது உறுப்பினர்.

சரி, வேலைக்கு வருவோம்.

அலைவதற்கு முன், லாபம் உண்டா என்று பாருங்கள்

உங்கள் பொருளுக்கு ஓர் எச்எஸ் எண், அதாவது சுங்கம் பொருள்களை வகை பிரிக்கும் எண், இருக்கும். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று, ஆசியானுக்குள் எட்டு இலக்கம். முறுக்கு 1905 என்ற தலைப்பின் கீழ் வரும், பிஸ்கட், ரொட்டி வகையறாவோடு. கறி மசாலாப் பொடி 0910. எண் எது என்று சந்தேகம் இருந்தால் சிங்கப்பூர்ச் சுங்கத் துறையிடமே வகைப்படுத்தித் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஃபார்வர்டர், அதாவது சரக்கை அனுப்பித் தரும் முகவர், "போன தடவை இந்த நம்பர்தான் போட்டோம்" என்று சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். போன தடவை அவர் அனுப்பியது வேறு யாருடைய பொருளோ.

எண் கிடைத்ததும், அனுப்பப்போகும் நாட்டில் அதற்கு இரண்டு விகிதங்களைப் பாருங்கள்: எல்லாருக்கும் போடும் சாதாரண வரி எவ்வளவு, ஆசியான் சலுகை வரி எவ்வளவு. வணிகங்களுக்கு உதவும் அரசு அமைப்பான என்டர்பிரைஸ் சிங்கப்பூர் தளத்தில் இருக்கும் டாரிஃப் ஃபைண்டர் என்ற வரி தேடும் கருவியிலேயே தேடலாம். சாதாரண வரியே பூஜ்ஜியம் என்றால் விட்டுவிடுங்கள், காகிதத்துக்காக அலைய வேண்டாம். வித்தியாசம் இருந்தால்தான் மேற்கொண்டு படிக்க வேண்டும். இன்னொன்று, இந்தச் சலுகை இறக்குமதி வரிக்கு மட்டும்தான். அந்தந்த நாட்டின் உள்நாட்டு வரி எங்கேயும் போகாது. மலேசியாவில் விற்பனை வரி, தாய்லாந்தில் 7% வாட், இங்கே கொண்டுவந்தால் 9% ஜிஎஸ்டி. "வரியில்லை" என்று வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு பில் வந்ததும் சண்டை போடுகிற கதை நிறையக் கேட்டாகிவிட்டது.

பொருள் எங்கே பிறந்தது

இதுதான் முக்கியமான இடம், இங்கே நிதானமாகப் படியுங்கள்.

பொது விதி இரண்டு வழி தருகிறது, இரண்டில் ஒன்றைத் தாண்டினால் போதும். ஒன்று, பொருளின் மதிப்பில் குறைந்தது 40% ஆசியானுக்குள் உருவாகியிருக்க வேண்டும். இன்னொன்று, வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் எச்எஸ் எண்ணின் முதல் நான்கு இலக்கமும் முடிந்த பொருளின் முதல் நான்கு இலக்கமும் வேறாக இருக்க வேண்டும். சில பொருள்களுக்குத் தனி விதி எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் எண்ணுக்கு எதிரே அப்படி ஒன்று இருந்தால் அதுதான் செல்லும், பொது விதி செல்லாது. ஆகவே அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் கணக்குக்கு உட்கார வேண்டும். கீழே நான் போடுவது பொது விதிப்படி, எண்கள் சும்மா ஓர் உதாரணத்துக்கு.

ஒரு பெட்டி முறுக்கின் எஃப்ஓபி விலை, அதாவது ஏற்றி அனுப்பும்வரை ஆகும் விலை, 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைப்போம். அதில் இந்தியாவிலிருந்து வரும் உளுந்து மாவு, சீரகம், ஓமம் 22 வெள்ளி. தாய்லாந்து அரிசி மாவு 14. மலேசியப் பாமாயில் 12. மிச்சம் 52 உங்கள் வாடகை, சம்பளம், மின்சாரம், இங்கேயே அச்சடித்த பாக்கெட், லாபம். இந்தியச் சரக்கு மட்டும்தான் வெளியாள் என்றால் 100-இல் 22 போக 78%. தாராளமாகத் தேறும். தாய்லாந்து மாவும் மலேசிய எண்ணெயும் ஆசியான் பொருள் என்று நிரூபிக்க முடியாவிட்டாலும் 48 போக 52%, அப்போதும் தேறும். எண் வழியில் பார்த்தாலும் அரிசி மாவு 1102, பாமாயில் 1511, முறுக்கு 1905, மாறிவிட்டது. முறுக்குக்காரருக்குப் பயமில்லை.

மசாலாக்காரருக்குத்தான் சோதனை. மிளகாய், மல்லி, சீரகம், மஞ்சள், மிளகு, பட்டை, கிராம்பு எல்லாம் இந்தியாவிலிருந்து, மொத்தம் 64 வெள்ளி. 100-இல் 64 போனால் 36%. அவுட். இனி என்ன செய்யலாம்?

ஒரு வழி, சரக்கை மாற்றுவது. மிளகு ஏற்றுமதியில் வியட்னாம்தான் உலகில் முதலிடம், கிராம்பு அதிகம் விளைவது இந்தோனீசியாவில், பட்டையும் அங்கே விளைகிறது. இந்த மூன்றும் சேர்ந்து 15 வெள்ளி என்றால், இவற்றை ஆசியானுக்குள்ளேயே வாங்கினால் வெளிச்சரக்கு 49 ஆகக் குறைந்து 51% வந்துவிடும். வாசம் மாறும், அது வேறு பிரச்சினை. செட்டிநாட்டுப் பொடிக்குப் பேர் வாங்கியவர் முதலில் ஒரு சட்டி வறுத்து அரைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. சரி, வாங்கினால் மட்டும் போதாது, இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: வியட்னாம் மிளகு "ஆசியான் பொருள்" என்று உங்கள் கணக்கில் சேர வேண்டுமானால் அது வியட்னாமிலிருந்து வரும்போதே அதற்கான ஆசியான் பிறப்புச் சான்றோடு, ஃபார்ம் டி என்பது அதன் பெயர், வந்திருக்க வேண்டும். "சிங்கப்பூரில்தான் மிளகுக்கு வரியே இல்லையே, எதற்கு வீணாக ஃபார்ம் டி?" என்று அங்கே விற்பவர் கேட்பார், நியாயமாகத்தான் கேட்பார். உங்களுக்கு வேண்டும் என்று ஆர்டர் போடும்போதே எழுதிவிடுங்கள். சரக்கு வந்து இறங்கியபின் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

இன்னொரு வழி எண் வழி. மிளகாயும் மிளகும் 0904, பட்டை 0906, கிராம்பு 0907, மல்லியும் சீரகமும் 0909, முடிந்த பொடி 0910. எல்லாம் மாறுகிறது, மஞ்சளைத் தவிர, ஏனென்றால் மஞ்சள் ஏற்கெனவே 0910-இல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மாறாத சரக்கின் மதிப்பு எஃப்ஓபி விலையில் 10%-க்குள் இருந்தால் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கிறது. கறிப்பொடியில் மஞ்சள் பத்து வெள்ளியைத் தாண்டுமா, கணக்குப் பாருங்கள்.

தனிப் பொடிகளுக்குப் பொது விதியின் இந்த இரண்டு வழியும் உதவாது. ஈரோட்டு விரலி மஞ்சளை இங்கே அரைத்தால் அதே நான்கு இலக்கம்தான், வற்றலை மிளகாய்த் தூளாக்கினாலும் அதே 0904தான், அரைப்பதால் கூடும் மதிப்பும் 40%-ஐத் தொடுவது கஷ்டம். மொத்தமாக வாங்கி அழகான பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் சிங்கப்பூர்ப் பொருளாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கு: ஆகாது. பாக்கெட் போடுவது, விற்பனைக்கு அடுக்குவது எல்லாம் உற்பத்தியில் சேராது என்று ஒப்பந்தம் வெளிப்படையாகவே சொல்கிறது.

காகிதம் வாங்குவது

சாதாரணப் பிறப்புச் சான்றிதழ் வேறு, ஃபார்ம் டி வேறு. முன்னதை சிங்கப்பூர் இந்திய வர்த்தக தொழிற்சபை போன்ற சபைகளே தருகின்றன. அதைக் காட்டினால் வரி குறையாது. சலுகைக்கான ஃபார்ம் டி-யைத் தருவது சுங்கத் துறை. அதற்கு நிறுவனத்தின் யூஇஎன் என்ற பதிவு எண்ணுக்குச் சுங்கக் கணக்கைத் திறந்து, தொழிற்கூடத்தை உற்பத்தியாளராகப் பதிந்து, பொருளுக்குப் பொருள் உற்பத்திச் செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். மேலே போட்டோமே அந்தக் கணக்குதான், ரசீதுகளோடு. ரெசிப்பியை அரசாங்கத்திடம் சொல்வதா என்று சிலர் தயங்குவார்கள். என்ன சரக்கு, எவ்வளவு, எங்கிருந்து, என்ன விலை என்பதுதான் அவர்களுக்கு வேண்டும், வறுக்கும் பக்குவம் வேண்டாம். தொழிற்கூடத்தை நேரில் வந்து பார்க்கவும் செய்வார்கள். சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் பெற்ற தொழிற்கூடமாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; வீட்டு அடுப்பில் சுட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பவர்களுக்கு இந்தப் பாதை இல்லை.

அந்த வேலை ஒருமுறை முடிந்தால், அதற்குப்பின் ஒவ்வொரு லோடுக்கும் டிரேட்நெட் என்ற இணைய விண்ணப்ப ஏற்பாட்டின் வழியாக விண்ணப்பிப்பது பெரிய விஷயமில்லை, ஃபார்வர்டரே செய்வார். இப்போது ஃபார்ம் டி மின்னணு வடிவில் நாட்டுக்கு நாடு நேரடியாகவே போய்விடுகிறது, ஆசியான் ஒற்றைச் சாளரம் என்ற ஏற்பாட்டில். நேரம் முக்கியம்: சரக்கு கிளம்புமுன் அல்லது கிளம்பிய மூன்று நாளுக்குள் எடுத்துவிடுங்கள். விட்டுப்போனால் ஓராண்டுக்குள் பின்தேதியிட்டும் எடுக்கலாம், ஆனால் அதற்குள் வாங்குபவர் முழு வரி கட்டியிருப்பார், திரும்பப் பெறுவது அவர் பாடு, அவர் முகம் உங்களுக்குத் தெரியும். எடுத்த சான்று பன்னிரண்டு மாதம் செல்லும். எஃப்ஓபி மதிப்பு 200 அமெரிக்க டாலரைத் தாண்டாத சின்னச் சரக்குக்கு ஃபார்ம் டி-யே தேவையில்லை, ஆகவே முதல் தடவை மாதிரி அனுப்பிப் பார்ப்பதற்கு இவ்வளவும் செய்துகொண்டிருக்க வேண்டாம்.

அடிக்கடி அனுப்புபவர் என்றால் "சான்று பெற்ற ஏற்றுமதியாளர்" ஆவதைப் பற்றிச் சுங்கத் துறையிடம் கேளுங்கள். 2020 செப்டம்பர் முதல் இருக்கும் ஏற்பாடு, இன்வாய்சிலேயே நீங்களே பிறப்பிட உறுதிமொழி எழுதிக்கொள்ளலாம்.

தயாரிக்காமல் வாங்கி விற்பவர்களுக்கும் வழி உண்டு. தாய்லாந்து அரிசியை ஃபார்ம் டி-யோடு இங்கே இறக்கி, அதில் ஒரு பகுதியை இந்தோனீசியாவுக்கு அனுப்புகிறீர்கள் என்றால், மூலச் சான்றை வைத்து இங்கிருந்து இன்னொரு ஃபார்ம் டி எடுக்கலாம். இறக்கியவரும் அனுப்புபவரும் ஒரே நிறுவனமாக இருக்க வேண்டும், சரக்கில் கை வைத்திருக்கக் கூடாது. சிங்கப்பூர் மாதிரி இறக்கி ஏற்றும் ஊருக்கென்றே செய்த விதி இது.

வரி போனாலும் போகாத தடைகள்

உண்மையில் வியாபாரத்தை நிறுத்துவது பெரும்பாலும் வரி இல்லை. லேபிளும் பதிவும் ஹலால் முத்திரையும்தான். வரியை எடுக்க ஒத்துக்கொண்ட நாடுகள், உணவு விதிகளை ஒன்றாக்க இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை; ஆசியானில் எல்லாரும் தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும், ஒருவர் முகம் சுளித்தாலும் கோப்பு அப்படியே இருக்கும். மலேசியாவுக்கு இறக்குமதி உணவு லேபிள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம், அது நமக்கு லேசு. தாய்லாந்தில் தாய் மொழி வேண்டும், இந்தோனீசியாவில் இந்தோனீசிய மொழியும் பிபிஓஎம் என்ற அவர்கள் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவும் வேண்டும், வியட்னாமில் வியட்னாமிய லேபிள் ஒட்ட வேண்டும். நம் முயிஸ், அதாவது சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், தரும் ஹலால் சான்றை மலேசியாவின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் அங்கீகரித்திருக்கிறது. இந்தோனீசியாவில் ஹலால் சட்டம் கட்டாயமாகி வருகிறது. லேபிளை அச்சடிக்குமுன் அங்கே வாங்குபவரிடமே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் யோசனை: முதல் நாடாக மலேசியாவை எடுங்கள், அதுவும் ஜோகூரை. மொழிச் சிக்கல் குறைவு, லாரி கடற்பாலம் தாண்டினால் அன்றைக்கே கடையில் சரக்கு, வாங்கும் தமிழர்களும் உண்டு. 2025 ஜனவரியில் ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கும் ஒப்பந்தம் போட்டாயிற்று. அங்கே காலூன்றியபின் மற்ற நாடுகளைப் பார்க்கலாம். ஒரே நேரத்தில் ஐந்து நாட்டு லேபிள் அச்சடித்து ஸ்டோரில் அடுக்கி வைப்பதில் அர்த்தமில்லை.

பணம் வாங்கும் வழியும் இந்தச் சில ஆண்டுகளில் லேசாகிவிட்டது. கைப்பேசியிலேயே உடனடியாகப் பணம் அனுப்பும் நம் பேநவ், அதே மாதிரி வசதிகளான தாய்லாந்தின் பிராம்ப்ட்பேயோடு 2021-லும் மலேசியாவின் டியூட்நவோடு 2023-லும் இணைந்தது. ஆனால் அவை சில்லறைத் தொகைக்கானவை, தினசரி உச்சவரம்பு உண்டு. லோடு பணத்துக்கு வங்கிதான்.

நேரில் போய் ஆர்டர் பிடிக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆசியான் நாடுகளுக்குள் விசா இல்லாமல் போகும் வசதி கடவுச்சீட்டைப் பார்த்துத்தான். பங்குதாரர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசி என்றால், எந்த நாட்டுக்குப் போகிறாரோ அந்த நாட்டின் விசா விதி இந்தியக் குடிமக்களுக்கு என்ன சொல்கிறதோ அதுதான். ஆனால் சரக்குக்கு இந்தக் கதை இல்லை: முதலாளி எந்த நாட்டுக்காரர் என்று ஃபார்ம் டி கேட்பதில்லை.

மாட்டிக்கொண்டால்

சான்று சரியாக இருந்தும் எதிர்ப்பக்கம் ஏற்க மறுத்தால் கத்திக்கொண்டு நிற்க வேண்டாம். என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இன்வாய்சில் ஒரு எச்எஸ் எண், சான்றில் வேறு எண், அல்லது எடை பொருந்தவில்லை என்ற மாதிரி சில்லறைக் காரணம்தான் இருக்கும், திருத்திவிடலாம். விதியே ஒப்பந்தத்துக்கு முரணாக இருக்கிறது என்று தோன்றினால் ஆசியானுக்கு அசிஸ்ட் என்று ஓர் இணையத்தளம் இருக்கிறது, அங்கே இலவசமாகப் புகார் பதியலாம். அந்த நாட்டு அரசு பதில் சொல்லும். தீர்ப்பு என்று எதுவும் கிடையாது, கட்டுப்படுத்தும் அதிகாரமும் இல்லை. உங்கள் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் வணிகச் சங்கம் வழியாகப் போடலாம்.

சரக்கு போய்ச் சேர்ந்து பல மாதம் கழித்தும் எதிர்ப்பக்கச் சுங்கம் நம் சுங்கத் துறைக்கு எழுதி, "இந்தச் சான்று உண்மைதானா, சரிபார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். அப்போது அவர்கள் வருவது உங்களிடம்தான். உளுந்து வாங்கிய பில், வியட்னாம் மிளகோடு வந்த சான்று, உற்பத்திப் பதிவேடு, லாரி பெர்மிட், இவற்றை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். கணக்காளரிடம் இருக்கும் என்று விட்டுவிடாமல் லோடு வாரியாகத் தனிக் கோப்பு போட்டு வையுங்கள். அந்தக் கணக்காளர் மாறிப்போயிருக்கலாம்.